இரண்டு அமிலம், இருபத்து மூன்று சொட்டு: வீட்டு வேதியியல் பெட்டி ஒன்றைப் பற்றி

மகளுக்கு அமிலம், காரம் பாடம் ஆரம்பித்த வாரத்தில்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். மூடியில் ‘24 சோதனைகள், 12 வயதுக்கு மேல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மூன்று வாரமாக அநேகமாகத் தினமும் மாலையில் அதோடுதான் உட்கார்ந்திருக்கிறோம். 24 சோதனைகளையும் முடித்துவிட்டோம். கையேட்டில் இல்லாத சிலவற்றையும் செய்து பார்த்தோம். அதற்கப்புறம்தான் இதை எழுதுகிறேன். பிரித்த அன்றே எழுதியிருந்தால், கரைசல் அமிலமா காரமா என்பதை எண்ணால் காட்டும் பிஹெச் பேனாவைப் பார்த்த கோபத்தில் மொத்தப் பெட்டியையும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

நான் 11 வருடம் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள். காலையில் போனதும் முதல் வேலை பிஹெச் மீட்டரைச் சரிபார்ப்பது. அதனால் சில விஷயங்களில் கறாராகத்தான் இருப்பேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியைப் பலரும் தயாரிக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியபின் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரைசல் பாட்டில்களுக்கும், அமிலத்திலும் காரத்திலும் நிறம் மாறும் நிறங்காட்டிகளுக்கும் முழு மதிப்பெண். பிஹெச் பேனாவுக்குப் பாதி. கையேட்டுக்கு, அதன் வரலாற்றுப் பக்கங்களைத் தவிர்த்துப் பார்த்தால், பாதிகூடத் தர மனம் வரவில்லை. அப்படியும் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். காரணம் ஒரே ஒரு சோதனை. அது கையேட்டில் இல்லை, ஆனால் அதற்கு வேண்டிய எல்லாமே பெட்டிக்குள் இருக்கிறது.

உள்ளே என்ன இருந்தது? 0.1 மோலார் (ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறு என்று எண்ணும் செறிவு அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.1 மோலார் அசிட்டிக் அமிலம், இரண்டும் 50 மில்லி பாட்டில். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மில்லி. சிட்ரிக் அமிலத் தூள், சோடியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட். சின்னச் சொட்டுப் பாட்டில்களில் பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு, புரோமோதைமால் நீலம். சிவப்பு, நீல லிட்மஸ் தாள், 1 முதல் 14 வரை (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) நிற அட்டையோடு பொது நிறங்காட்டித் தாள் ஒரு சுருள். மெக்னீசியம் நாடா. எட்டு சோதனைக் குழாய், தாங்கி, சொட்டுக்குழாய், ஊசியில்லாத சிரிஞ்சு, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. அப்புறம் அந்தப் பேனா.

பாட்டில் ஒவ்வொன்றிலும் செறிவு எழுதியிருந்ததைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகளுக்கான பெட்டிகள் பலவற்றில் ‘அமிலக் கரைசல்’ என்று மட்டும்தான் ஒட்டியிருக்கும். எவ்வளவு அமிலம் என்று தெரியாவிட்டால் நிறம் மாறுவதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். எண் தெரிந்தால் கேள்வி கேட்கலாம்.

லிட்மஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாசிச்செடி மாதிரி பாறையில் படரும் லைக்கனிலிருந்து எடுக்கும் சாயம் அது. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். ஆனால் அதன் நிறமாற்றம் பிஹெச் 4.5-லிருந்து 8.3 வரை நீண்டு கிடப்பதால், நடுவில் இருக்கும் கரைசல்களைப் பற்றி அதனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. பைகார்பனேட் கரைசலில் சிவப்புத் தாள் ஊதாவும் நீலமுமாகக் குழம்பி நின்றது. அந்தக் கரைசலின் பிஹெச் சுமார் 8.3 என்பதால் அப்படி நிற்பதுதான் சரி. கையேட்டில் ‘உடனே பளிச்சென்று நீலமாகும்’ என்று போட்டிருந்தார்கள். மகள் தாளைக் குற்றம் சொன்னாள். தாள் நல்ல தாள்.

இனி, நான் சொன்ன அந்தச் சோதனைக்கு வருகிறேன்.

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில், ‘அசிட்டிக் அமிலம் நீர்த்த நிலையில் கிடைப்பதால் அது வலிமை குறைந்த அமிலம்’ என்று ஒரு வரி. தவறு. சின்னத் தவறு என்று விட்டுவிட முடியாத தவறு. செறிவு என்பது ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு அமிலத்தைப் போட்டிருக்கிறோம் என்பது. வலிமை என்பது போட்ட அமிலத்தில் எவ்வளவு அயனியாக, அதாவது மின்னூட்டம் உள்ள துகள்களாக, பிரிகிறது என்பது. முதலாவது நம் கையில் இருக்கிறது, இரண்டாவது அந்த அமிலத்தின் குணம். இதைக் குழப்பிக்கொண்ட பிள்ளைக்கு மேல் வகுப்பில் வரும் எல்லாமே குழம்பும். அன்றைக்குக் கையேட்டை மூடி வைத்துவிட்டேன்.

“இந்த ரெண்டு பாட்டிலிலும் என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன். “0.1” என்றாள், இரண்டுக்கும். “அப்போ பொது நிறங்காட்டித் தாளை ரெண்டிலும் தொட்டுப் பார்.” ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாள் அடர்சிவப்பாகி அட்டையில் 1-க்குப் போனது. அசிட்டிக் அமிலத்தில் ஆரஞ்சோடு நின்றது, 3. மெக்னீசியம் நாடாவில் ஒரே நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிப் போட்டோம். முதல் குழாயில் குமிழி சரசரவென்று ஏறியது. இரண்டாவதில் நாடாவின் ஓரத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு, யோசித்து யோசித்துக் கிளம்பியது.

“இப்போ ரெண்டையும் நடுநிலையாக்க எவ்வளவு காரம் வேணும்னு நினைக்கிறே?”

ஹைட்ரோகுளோரிக்குக்கு நிறைய, அசிட்டிக்குக்கு ரொம்பக் கொஞ்சம் என்றாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணால் பார்த்தது அதைத்தானே சொல்கிறது?

சிரிஞ்சை வைத்துத் தரம் பார்க்க, அதாவது நடுநிலையாக எவ்வளவு காரம் பிடிக்கிறது என்று அளக்கச் சொல்கிறது கையேடு. அந்தச் சிரிஞ்சின் தண்டு சிக்கிச் சிக்கி நகர்கிறது. ஒரு சொட்டு வேண்டிய இடத்தில் நாலைந்து ஒன்றாக விழுந்துவிடும். அதனால் சொட்டுக்குழாயால் எண்ணுவது என்று முடிவு செய்தோம். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. ஒரே குழாயை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் சொட்டின் அளவு மாறாது. ஒவ்வொரு தடவையும் நீரால் மூன்று முறை அலசி, பிறகு எடுக்கப் போகும் திரவத்தாலேயே ஒரு முறை அலச வேண்டும். இந்தக் கடைசி அலசல்தான் முக்கியம். கையேட்டில் அதைக் காணோம்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 சொட்டு, பினாப்தலீன் ஒரு சொட்டு. நிறமில்லை; காரம் மிஞ்சினால்தான் அது இளஞ்சிவப்பாகும். சோடியம் ஹைட்ராக்சைடை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கினாள். 15 வரை ஒன்றும் தெரியவில்லை. 19-இல், சொட்டு விழுந்த இடத்தில் ஒரு ரோஜா நிறப் புகை மாதிரி எழும்பிக் குலுக்கியதும் மறைந்தது. 21, 22-இல் மறைய நேரம் எடுத்தது. 23-ஆவது சொட்டில் குழாய் முழுக்க மெல்லிய இளஞ்சிவப்பு. குலுக்கினாள். அப்படியே இருந்தது.

அசிட்டிக் அமிலம் 20 சொட்டு. இந்த முறை ஐந்தாவது சொட்டிலிருந்தே பக்கத்தில் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள், சீக்கிரம் வந்துவிடும் என்று. 10. 15. 20. அவள் நெற்றி சுருங்கியது. 23-இல் நிறம் வந்தது.

“அம்மா, எங்கேயோ தப்பா எண்ணிட்டேன்.”

திரும்பச் செய்தாள். மறுபடியும் 23.

அவள் முகத்தில் அப்போது இருந்த குழப்பத்துக்காகவே இந்தப் பெட்டி தகும். ஒரு பக்கம் பிஹெச்சில் கிட்டத்தட்ட இரண்டு எண் வித்தியாசம். பிஹெச்சில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் அது சுமார் 75 மடங்கு. இன்னொரு பக்கம் காரக் கணக்கில் வித்தியாசமே இல்லை. இரண்டும் உண்மை. எப்படி?

0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் ஆயிரம் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 13 மட்டும்தான் எந்த நேரத்திலும் தன் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, நீரிடம் கொடுத்திருக்கும். மற்றவை கையில் பிடித்து வைத்திருக்கும். நிறங்காட்டித் தாளும் மெக்னீசியமும் வெளியே வந்த அந்த 13-ஐத்தான் உடனே பார்க்கின்றன. காரம் விடும்போது என்ன ஆகிறது? வெளியே இருப்பதைக் காரம் பிடித்துக்கொள்ள, அந்த இடத்தை நிரப்ப உள்ளே இருப்பதில் இன்னும் கொஞ்சம் வெளியே வருகிறது. அதையும் பிடிக்கிறது. இப்படியே கடைசி மூலக்கூறு வரை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டது, இது கேட்கக் கேட்கக் கொடுக்கிறது. மொத்தக் கையிருப்பு ஒன்றுதான்.

இதைச் சொல்லிவிட்டு மற்ற இரண்டு விஷயங்களையும் சொன்னேன். தூய அசிட்டிக் அமிலத்தை நீரே கலக்காமல் எடுத்தாலும் அது வலிமை குறைந்த அமிலம்தான், 16.6 டிகிரிக்குக் கீழே பனிக்கட்டி போல உறைந்துவிடும், தோலில் பட்டால் சுடும். ஹைட்ரோபுளூரிக் அமிலமும் வலிமை குறைந்த வகையில்தான் வருகிறது. அது கண்ணாடியையே அரிக்கும், தோல் வழியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ‘வலிமை குறைந்தது’ என்றால் ‘தொட்டுப் பார்க்கலாம்’ என்று ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாது என்று எனக்குப் பெரிய கவலை.

சரி, 20 சொட்டுக்கு 20 தானே வர வேண்டும், ஏன் 23? அவளே கேட்டாள். சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலின் மூடியைத் திருப்பிக் காட்டினேன். மரைகளின் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வந்தபோதே மூடி சரியாக இறுகவில்லை. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இந்தக் கரைசல் விடாமல் உறிஞ்சும். உறிஞ்சிக் கார்பனேட்டாக மாறும். அந்த அளவுக்குப் பினாப்தலீன் கணக்கில் காரம் குறைந்துபோகும். பூத்திருந்தது அந்தக் கார்பனேட்தான். இது பெட்டியின் குறை, சொல்லித்தான் ஆக வேண்டும். வந்தவுடன் மூடியை இறுக்கிவிடுங்கள். ஆனால் இரண்டு அமிலத்துக்கும் அதே பாட்டில், அதே குறை என்பதால் ஒப்பீடு கெடவில்லை. ஆய்வகத்தில் நாங்களும் காரக் கரைசலைத் தயாரித்த அன்றைய செறிவை நம்ப மாட்டோம். அவ்வப்போது தரம் பார்த்து உண்மையான செறிவை எழுதி ஒட்டுவோம்.

இன்னொன்றும் நடந்தது. 23-இல் நின்ற அந்த இளஞ்சிவப்பு, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் போய்விட்டிருந்தது. யாரும் தொடவில்லை. காற்றுதான் தொட்டது. புதிதாக ஒரு குழாயில் அதே நிறத்தை வரவழைத்து, ஒரு உறிஞ்சுகுழலை உள்ளே விட்டு மெதுவாக ஊதச் சொன்னேன். ஊதத்தான், உறிஞ்சக் கூடாது. நாலு மூச்சில் நிறம் வெளிறிப் போனது. மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிக் காரத்தைத் தின்றுவிட்டது. தன் மூச்சே ஒரு அமிலத்தைத் தரும் என்பது அவளுக்குப் பெரிய செய்தி. அன்று ராத்திரி வரை ஊதிக்கொண்டிருந்தாள்.

நிறங்காட்டிகள் மூன்றும் நல்ல தரம். கையேடுதான் அவற்றைக் கெடுக்கிறது. ‘பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு, இரண்டில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது ஓரளவு சரி. முடிவுப் புள்ளியில் பிஹெச் ஒரே தாவாகத் தாவுவதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் மாறும். அசிட்டிக் அமிலத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. மெத்தில் ஆரஞ்சு 3.1-இல் சிவப்பிலிருந்து கிளம்பி 4.4-இல் மஞ்சளாகிவிடும். அசிட்டிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகாத நிலையிலேயே பிஹெச் 4.4-ஐத் தொட்டுவிடும். மகள் அப்படிச் செய்து பார்த்தபோது நாலைந்து சொட்டிலிருந்தே நிறம் குழம்பத் தொடங்கி, எது முடிவு என்று சொல்ல முடியாமல் மஞ்சளானது. அமிலத்தில் பெரும்பங்கு அப்படியே மீதி. இந்த வகை நடுநிலையாக்கலின் முடிவில் கிடைக்கும் சோடியம் அசிட்டேட் கரைசலே சற்றுக் காரத்தன்மை உடையது, பிஹெச் 8.7 பக்கத்தில். அதனால் 8.2-க்கு மேல் நிறம் காட்டும் பினாப்தலீன்தான் இதற்குச் சரி. இந்தக் காரணத்தைக் கையேட்டில் ஒரு பத்தியில் சொல்லியிருக்கலாம்.

இப்போது பேனா.

பிஹெச் மீட்டரின் உயிர், நுனியிலிருக்கும் மெல்லிய கண்ணாடிக் குமிழ். அதன் மேற்பரப்பு நீரை வாங்கி ஊறியிருந்தால்தான் ஹைட்ரஜன் அயனியை உணரும். 25 டிகிரியில் பிஹெச் ஒரு எண் மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். கருவி அளப்பது அந்த மில்லிவோல்ட்டைத்தான். குமிழ் காய்ந்துவிட்டால் அளவு தள்ளாடும். எங்களுக்கு வந்த பேனாவின் மூடிக்குள் இருந்த பஞ்சு எலும்பாகக் காய்ந்திருந்தது. பிஹெச் மாறாமல் நிற்கும் 6.86 தாங்கல் கரைசலில் வைத்தேன், 7.4 காட்டியது. கையேடு சொல்வதோ, ‘ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய வைத்து மூடவும்’ என்று. கருவியைக் கொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். காய விடக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடவும் கூடாது, அது உள்ளிருக்கும் உப்பை இழுத்துவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தபடி இருக்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் பிஹெச் 4 தாங்கல் கரைசல்கூடச் சமாளிக்கும். பெட்டியில் சேமிப்புக் கரைசலே இல்லை. தனியாக வாங்கி ஒரு இரவு ஊற வைத்து, 6.86, 4.00 இரண்டிலும் திருத்தியபின் ஒழுங்காகப் பேசியது: ஹைட்ரோகுளோரிக் 1.1, அசிட்டிக் 2.9.

திரையில் இரண்டு தசம இடம் வருகிறது. பேனாவின் முதுகில் பொடி எழுத்தில் ‘துல்லியம் கூட்டல் கழித்தல் 0.1’. அப்படியானால் இரண்டாவது தசமத்தை நம்பாதீர்கள்.

இதைவிட என்னை வருத்தியது வேறு. ‘காய்ச்சி வடித்த நீரின் பிஹெச் 7 என்பதைப் பேனாவால் உறுதி செய்யவும்’ என்பது 17-ஆவது சோதனை. மகள் அன்று தனியாகச் செய்தாள். அப்புறம் நோட்டைப் பார்த்தேன், 7.0 என்று அழகாக எழுதியிருந்தது. என் கண்ணுக்கு அது சரியாகப் படவில்லை. திறந்து வைத்த நீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி 5.6 பக்கம் இறங்கிவிடும்; அதோடு அயனியே அதிகம் இல்லாத நீரில் எந்தப் பேனாவின் கண்ணாடிக் குமிழும் நிலைகொள்ளாமல் அலையும். “நிஜமாவே 7 வந்ததா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 6.4 காட்டியது, இறங்கிக்கொண்டே போனது, 5.8-இல் கொஞ்சம் நின்றது, நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து 7 எழுதிவிட்டேன் என்றாள்.

அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கையேட்டில் விடையை முதலிலேயே எழுதி வைத்து, ‘உறுதி செய்’ என்று சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? அவள் கருவி காட்டியது சரி, அவள் செய்ததும் சரி. தவறு அச்சில் இருந்தது. 7 என்பதே 25 டிகிரிக்கு உரிய எண். 60 டிகிரியில் நடுநிலை நீரின் பிஹெச் 6.5 பக்கம் இருக்கும், அதற்காக அது அமிலமாகிவிடாது. இதையெல்லாம் சொல்ல இடமில்லை என்றால், ‘என்ன காட்டுகிறது, ஏன்?’ என்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். 7.0-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, 5.8, ‘நிற்கவில்லை’ என்று பக்கத்தில் எழுத வைத்தேன்.

வரலாற்றுப் பக்கங்கள் இதே கையேட்டில்தான் இருக்கின்றன என்று நம்பவே முடியவில்லை. வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும். 1664-இல் ராபர்ட் பாயில் வயலெட் பூவின் சாற்றில் அமிலத்தை விட்டால் சிவப்பு, காரத்தை விட்டால் பச்சை என்று எழுதியது, எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாய்சியே நம்பி அந்தப் பொருளுக்கே ‘அமிலம் உண்டாக்கி’ என்று பொருள்படப் பெயர் வைத்தது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810 வாக்கில் ஹம்ஃப்ரி டேவி காட்டியது, எல்லாம் கதை போல வருகிறது. ஸ்வீடன் வேதியியலர் அர்ரேனியஸ் பகுதியை இரண்டு முறை படித்தோம். கரைசலில் பொருள்கள் அயனிகளாகப் பிரிகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் பிரிகிறது என்று 1884-இல் அவர் எழுதிய முனைவர் ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் தாழ்ந்த தரம்தான் கொடுத்தது. 1903-இல் அதே கருத்துக்கு நோபல் பரிசு. “அப்போ நம்ம 23 சொட்டு இவரோடதா?” என்று கேட்டாள். ஆமாம், இவருடையதுதான். பிஹெச் என்ற அளவை 1909-இல் சோரென்சன் கொண்டுவந்தது கோபன்ஹேகனில் ஒரு பீர் தொழிற்சாலையின் ஆய்வகத்தில். 1934-இல் ஆர்னால்டு பெக்மன் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கச் செய்த கருவிதான் இந்தப் பேனாவின் முன்னோடி. அவர்கள் இவ்வளவு கவனமாக எழுதிய பக்கத்துக்கு நாலு பக்கம் தள்ளித்தான் ‘காய வைத்து மூடவும்’ இருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு புகார். முதலாவது, அமிலத்துக்குச் சிவப்பு எழுத்தில் பெரிய எச்சரிக்கை, சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பொடி எழுத்தில் ஒரு வரி. இது தலைகீழ். கண்ணில் பட்டால் காரம் அமிலத்தைவிட ஆழமாக உள்ளே இறங்கும். விரலில் பட்டு வழுவழுவென்று இருந்தால் அது தோலின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும், அமிலத்தை விட்டுச் ‘சமன்’ செய்யக் கூடாது. பெட்டியிலிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி பெரியவர்கள் அளவு. மகள் குனிந்தால் மூக்கில் இறங்கியது. வேறு வாங்கினேன். இரண்டாவது புகார் இன்னும் தீவிரமானது. 22-ஆவது சோதனை, வீட்டில் சுத்தம் செய்யப் பயன்படும் திரவங்களை எல்லாம் ஒரே தட்டில் குழிகுழியாக ஊற்றிச் சோதிக்கச் சொல்கிறது. பிளீச்சிங் திரவமும் அமிலம் கலந்த கழிவறைத் திரவமும் கலந்தால் குளோரின் வாயு வரும், ஒருபோதும் கலக்காதே என்று ஒரு சொல்கூட இல்லை. அந்தச் சோதனையை நீங்கள் செய்யவே வேண்டாம். செய்யத்தான் வேண்டும் என்றால் பிளீச்சை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தவறுகளைப் பக்க எண்ணோடு பட்டியலிட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். நாலாம் நாள் பதில் வந்தது. வேறு பேனாவும் சேமிப்புக் கரைசலும் அனுப்பினார்கள். கையேட்டை அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார்கள். பிளீச் எச்சரிக்கைக்கு அடுத்த அச்சு வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு துண்டுச்சீட்டு வைக்கும்படி மறுபடி எழுதியிருக்கிறேன்.

யாருக்கு இது பொருந்தும்? பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கு. அவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, மேலே சொன்ன நாலைந்து விஷயங்களைக் கவனித்துக்கொண்டால் போதும். பிள்ளை தனியாகச் செய்ய இதைக் கொடுக்காதீர்கள். பேனா இல்லாத சின்னப் பெட்டியும் அவர்களிடமே இருக்கிறது. செறிவு எழுதிய மூன்று பாட்டிலும் பினாப்தலீனும் அதில் உண்டு என்றால் அதையே வாங்குங்கள்.

சிட்ரிக் அமிலத் தூள் இதுவரை பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்தது. கையேடு அதை நுரை வரவழைக்க மட்டும் பயன்படுத்துகிறது. போன ஞாயிறு அதை 1.9 கிராம் நிறுத்து, 100 மில்லி வரும்வரை நீரில் கரைத்தோம், அதுவும் 0.1 மோலார். நிறங்காட்டித் தாள் 2 பக்கம் காட்டியது. “இதுக்கும் 23 தானே?” என்றாள். மூலக்கூறின் படத்தை வரைந்து, புரோட்டானைக் கொடுக்கக்கூடிய இடங்களை எண்ணச் சொன்னேன். மூன்று. உடனே பென்சிலை எடுத்து 69 என்று ஓரத்தில் எழுதிவிட்டு, 20 சொட்டை எடுத்தாள்.

40-இல் ஒன்றுமில்லை. 60-இல் புகை மாதிரி எழும்பி மறைந்தது. 66, 67-இல் மறையத் தயங்கியது. 68-ஆவது சொட்டில் நிறம் நின்றது. இன்னொரு சொட்டு விடட்டுமா என்பது போல என்னைப் பார்த்தாள்; நான் எதுவும் சொல்லவில்லை. சொட்டுக்குழாயைக் கீழே வைத்துவிட்டு, 69-க்குப் பக்கத்தில் 68 என்று எழுதினாள்.